பட்டினி வயலில் இருபத்தேழு

என் வீட்டுக்காரர் யூரியா விற்கிறார். நான் யூரியா அதிகம் கேட்காத மக்காச்சோளம் தேடுகிறேன். இதைக் கேட்கிற எல்லாரும் ஒரே மாதிரிதான் சிரிப்பார்கள். என் நாத்தனார் மட்டும் வருஷத்துக்கு ஒரு தரம், ஏதோ அப்போதுதான் தோன்றியதுபோல, "அப்போ ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு கட்சின்னு சொல்லுங்க அண்ணி" என்பாள். நானும் சிரித்து வைப்பேன். அவளிடம் வேறு என்ன பேசுவது?

எங்கள் ஆராய்ச்சிப் பண்ணையில் என் இடம் வேர் அறை. பெயர்தான் அறை. தகரக் கூரை, நாலு பிளாஸ்டிக் தொட்டி, ஒரு ரப்பர் குழாய், ஒரு கால் உடைந்து செங்கல் முட்டுக் கொடுத்த மேஜை. செடி பூக்கிற பருவத்தில் தண்டிலிருந்து ஒன்றரைச் சாண் தள்ளி மண்வெட்டியை இறக்கி, வேரோடு பெயர்த்து, மண்ணை உதறி, சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, குழாயில் அலசி, மேஜைமேல் நிறுத்துவோம். மேஜையில் கோணம் வரைந்த பலகை ஒன்று உண்டு. எந்த வேர் எவ்வளவு சாய்ந்து போகிறது, தண்டின் அடியில் வட்டவட்டமாக எத்தனை வேர் கிளம்பியிருக்கிறது, ஒவ்வொன்றிலும் பொடிவேர் எவ்வளவு என்று எண்ணி எழுதுவேன். பதினோரு வருஷமாக எண்ணுகிறேன். என் நகக்கண்ணில் இருக்கிற மண் இனி எந்த சோப்புக்கும் போகாது.

விஷயம் ரொம்ப எளிது. வயலில் போடுகிற தழைச்சத்தில் பாதி தண்ணீரோடு கீழே இறங்கிவிடுகிறது. மேலே பாய் விரித்ததுபோல் பரவுகிற வேருக்கு அது எட்டாது. குறைவான வேராக விட்டு, விட்டதையெல்லாம் செங்குத்தாகக் கீழே அனுப்புகிற செடி அதைத் துரத்திப் பிடித்துவிடும். அந்தச் செடிக்குப் பாதி யூரியா போதும். இவ்வளவுதான் சங்கதி. இதற்கு டாக்டர் பட்டம் தேவையில்லை. சொல்லப்போனால் டாக்டர் பட்டம் வாங்கியவர்களுக்குத்தான் இது மண்டையில் ஏறுவதில்லை.

உதாரணம், எங்கள் தலைமை விஞ்ஞானி. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கோட்டு. வெயில் மண்டையைப் பிளக்கிற நாளிலும் கோட்டுப் போட்டுக்கொண்டு வயல் வரப்பில் நிற்பார். வரப்பில்தான். வயலுக்குள் இறங்கி நான் பார்த்ததில்லை. ஷூவில் மண் ஒட்டினால் அவருக்கு அன்று முழுக்க மனசு சரியில்லாமல் போய்விடும். செடியின் மேல்பாதியை மட்டும் பார்த்து, "நல்லா இருக்கு, நல்லா இருக்கு" என்பார். ஒரு தடவை வேர் அறைக்கு வெளியே நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதெல்லாம் யாரும்மா பாக்கப்போறாங்க? ஜனங்க இலையத்தானே பாப்பாங்க" என்றார். வேரைப் பற்றி ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறவர் அவர்தான். பேச்சில் காட்டுகிற படங்களில் உள்ள வேர்களெல்லாம் நான் அலசியவை. படத்தின் ஓரத்தில் என் கட்டைவிரல்கூடத் தெரியும்.

அவருக்கு வலதுகை ஒருவர் இருக்கிறார். பெயர் சராசரி. எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் கூட்டி வகுத்து ஒரு எண்ணைத் திருப்பித் தருவார். "சார், இந்தச் செடிய எறும்பு தின்னுருச்சு, இதைச் சேக்காதீங்க" என்றால், "அதெல்லாம் சராசரியில அடங்கிரும்" என்பார். கோட்டு தும்மினாலும் அதை மூன்றால் வகுப்பார்.

மூன்றாமவர் என் வீட்டுக்காரர். இவர் பண்ணையில் வேலை செய்யவில்லை, ஆனால் என் ஏளனத்தில் இவருக்கும் ஒரு பங்கு இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. உரக்கடையில் உட்கார்ந்திருப்பார். பயிர் மஞ்சளாக இருக்கிறது என்று யார் வந்தாலும் யூரியா. பயிர் பச்சையாக இருக்கிறது என்று வந்தாலும், "அப்படியே வெச்சுக்கணும்ல" என்று யூரியா. எங்கள் பண்ணையில் உரம் போடுகிற வயல்களுக்கும் அவர் கடையிலிருந்துதான் மூட்டை வரும். அதனால் கேட்டில் அவரை யாரும் நிறுத்தமாட்டார்கள். காவல்காரரும் அவரும் ஒரே கிளாஸில் டீ ஆற்றிக் குடிக்கிற அளவுக்குச் சிநேகம். நான் வீட்டில் வேலையைப் பற்றிப் பேசினால் அவர் தலையை ஆட்டிக் கேட்பார். கேட்டுவிட்டு, பயிர் சம்பந்தமில்லாமல் ஏதாவது ஒன்றைச் சொல்வார். மூன்றாவது வருஷமோ என்னவோ, நான் விளக்குவதை நிறுத்திவிட்டேன். குறை சொல்வதை மட்டும் நிறுத்தவில்லை. கோட்டு இப்படி, சராசரி அப்படி, இருபத்தேழு எப்படி என்று தினமும் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

இருபத்தேழு என்பது ஒரு செடியின் எண். எங்களிடம் அறுபது வகைகள் பரீட்சையில் இருந்தன. அதில் இருபத்தேழைக் கண்டெடுத்தவள் நான். ஆறு வருஷத்துக்கு முன்னால், தூக்கிப் போட வைத்திருந்த குவியலில், பத்தே வேரோடு நேராகக் கீழே பார்த்துக்கொண்டு நின்றது. மற்றவை பாவாடை விரித்ததுபோல் பரந்திருக்க, இது மட்டும் தானுண்டு தன் வேலையுண்டு என்று இறங்கியிருந்தது. எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. மூன்று வருஷம் அதன் மகரந்தத்தை அதற்கே போட்டு, குணம் மாறாமல் நிலைநிறுத்தினேன். பிறகு மூன்று வருஷப் பரீட்சை.

பரீட்சை நடக்கிற இடத்துக்கு வேலைக்காரர்கள் வைத்த பெயர் பட்டினி வயல். பொருத்தமான பெயர். அங்கே யூரியா கிடையாது, எரு கிடையாது, ஒரு பிடி சாம்பல்கூடக் கிடையாது. பட்டினி போட்டு, எது தாங்குகிறது என்று பார்ப்பதற்காகவே வைத்திருக்கிற வயல். மூன்று பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் ஒவ்வொரு பகுதியிலும் ஒரு வரிசை, வரிசைக்கு இருபது செடி. எந்த வரிசை எங்கே என்பது குலுக்கிப் போட்டது. வரிசைத் தலைப்பில் குச்சி நட்டு எண் எழுதியிருக்கும்.

மூன்று வருஷமும் தொடர்ந்து தேறினால்தான் அந்த வகையைப் பெரிய ரகத்தோடு கலப்பு சேர்ப்பார்கள். இருபத்தேழு முதல் வருஷம் தேறியது. இரண்டாம் வருஷமும் தேறியது. இது மூன்றாம் வருஷம், கடைசி வருஷமும்கூட. பட்டினி வயலை மூடிவிட்டு அந்த இடத்தில் வருகிறவர்களுக்குக் காட்ட ஒரு செழிப்பான மாதிரி வயல் போடப்போவதாகக் கோட்டு முன்பே சொல்லிவிட்டார். மஞ்சள் பயிரைப் பார்த்தால் விருந்தாளிகள் முகம் சுளிக்கிறார்களாம். அவருடைய செல்லப்பிள்ளை நாற்பத்தொன்று. இலை யானைக் காது மாதிரி இருக்கும். வேரைப் பிடுங்கினால் கையோடு வந்துவிடும். இருபத்தேழு தவறினால் அதற்குத்தான் யோகம்.

ஐந்தாவது வாரம் மழை கொட்டித் தீர்த்தது. மண்ணில் மிச்சம் மீதி இருந்த சத்தும் கீழே போயிற்று. அறுபது வகையும் மஞ்சளாயின. இருபத்தேழும் மஞ்சளாயிற்று. இலையில் கிள்ளிவைத்தால் பச்சையின் அளவைக் காட்டுகிற சின்னக் கருவி ஒன்று இருக்கிறது. அது காட்டிய எண்ணை நம்பாமல் மூன்று தரம் கிள்ளிப் பார்த்தேன். அறிவு சொன்னது: பொறு, வேர் இறங்கிக்கொண்டிருக்கிறது, பத்துப் பதினைந்து நாள் ஆகும். ஆனால் அறிவு சொல்வதை நெஞ்சு எப்போது கேட்டிருக்கிறது?

அன்று சாயங்காலம் வீட்டில் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். வீட்டுக்காரர் பயந்துவிட்டார்.

"என்ன ஆச்சு?"

"இருபத்தேழு மஞ்சளா நிக்குது. மூணு எடத்துலயும். இது போச்சுன்னா ஆறு வருஷம் போச்சு."

"மஞ்சளாவா? அதுக்கு என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண முடியாது."

"இல்ல, நான் ஏதாவது..."

"உங்களுக்கு இதெல்லாம் சொன்னாப் புரியாதுங்க. நீங்க போய் மூட்டைய எண்ணுங்க."

அவர் எழுந்தார். என் தட்டில் ஆறிப்போனதை எடுத்துப்போய்ச் சூடு பண்ணிக் கொண்டுவந்து வைத்தார்.

பத்து நாள் கழித்து இருபத்தேழு பச்சையாயிற்று. லேசுபாசான பச்சையில்லை. சுற்றிலும் காய்ந்த வைக்கோல் நிறத்தில் வரிசைகள் நிற்க, நடுவே இது மட்டும் புதுமாப்பிள்ளை மாதிரி நின்றது. மூன்று பகுதியிலும் அப்படியே. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. "வேர் எட்டிப் பிடிச்சிருச்சு பாத்தீங்களா!" என்று கண்ணில் பட்டவர்களையெல்லாம் இழுத்துவந்து காட்டினேன். சராசரியிடம், "இத எதால வகுப்பீங்க?" என்று கேட்டேன். கோட்டு வரப்பில் நின்று, "பரவாயில்லையே" என்றார். விருந்தாளிகள் இரண்டு பேர் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து கோட்டு இருபத்தேழை "நம்ம இருபத்தேழு" என்று சொல்ல ஆரம்பித்தார். வெட்கமாவது, மானமாவது.

ஒன்றைச் சொல்லவேண்டும். இருபத்தேழுக்குப் பக்கத்து வரிசைகளிலும் அடியிலைகள் மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் குறைவாகவே காய்ந்திருந்தன. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, அங்கே மண் கொஞ்சம் ஈரமாக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மூன்று பகுதியிலும் அதே மாதிரி ஈரம் எப்படி இருக்கும் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

பூ வந்ததும் தோண்ட ஆரம்பித்தோம். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குத் தேர்வுக் கூட்டம். அன்று முடிவெடுத்தால்தான் சனிக்கிழமையிலிருந்து மகரந்தம் போட முடியும். கதிரின் பட்டுநூல் காத்திருக்காது, ஒரு வாரத்தில் காய்ந்துவிடும். வரிசைப்படி தோண்டிக்கொண்டு வந்ததில் இருபத்தேழின் முறை வெள்ளிக்கிழமை காலையில்தான் வந்தது.

தோண்டுவது நானும் மண்வெட்டி அக்காவும். அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பட்டம் இல்லை, பதவி இல்லை, ஆனால் மண்வெட்டி எங்கே இறங்கவேண்டும் என்பது அந்தப் பண்ணையிலேயே அவருக்கு மட்டும்தான் தெரியும். முதல் செடியை அலசி மேஜைமேல் நிறுத்தினார். நிறுத்திவிட்டு நகராமல் நின்றார்.

"என்னக்கா?"

"பாரும்மா நீயே."

கீழ்வட்டத்து வேர்கள் எப்போதும்போல் செங்குத்தாக இறங்கியிருந்தன. அவை முதல் மாதத்தில் வந்தவை. அதற்கு மேலே, கடைசி மூன்று வாரத்தில் வந்த வட்டங்களில் வழக்கத்தைப்போல இரண்டு மடங்கு வேர். தடித்த வேர். ஒவ்வொன்றிலும் தண்டிலிருந்து ஒரு சாண் தூரத்தில், விரல் ஆழத்தில், தாடி முளைத்ததுபோல் அடர்த்தியாகப் பொடிவேர்.

"மேல தீனி கெடச்சிருக்கு," என்றார் அக்கா. "அதான் அங்கேயே உக்காந்து தின்னுருக்கு."

இரண்டாவது செடி அப்படியே. மூன்றாவதும் அப்படியே. அடுத்த பகுதி, அதற்கடுத்த பகுதி, மொத்தம் பன்னிரண்டு செடியிலும் அதே இடத்தில் அதே தாடி. மழைத்தண்ணீரில் அடித்துவந்த சத்து இப்படிச் செடிக்குச் செடி ஒரே தூரத்தில் அளவெடுத்து உட்காராது. யாரோ யூரியா வைத்திருக்கிறார்கள். வைக்கத் தெரிந்த கை வைத்திருக்கிறது.

மேலேயே பார்க்கிறார்கள், மேலேயே பார்க்கிறார்கள் என்று பதினோரு வருஷமாக ஊரைத் திட்டியவள், இத்தனை நாளும் மேலேயே பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆனால் அந்த நிமிஷம் என்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வரக் கோட்டு இருக்கும்போது நான் எதற்கு? யூரியா போட்ட வகை பரீட்சைக் கணக்கில் வராது; தன் நாற்பத்தொன்றைக் கரையேற்ற, அப்படி என் இருபத்தேழைக் கெடுக்க, சதி செய்திருக்கிறார். ஈரக் கையோடு, ஒரு வேரைத் தூக்கிக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். சராசரியும் அங்கேதான் இருந்தார்.

"சார், இருபத்தேழுக்கு யூரியா போடச் சொன்னது நீங்கதானே?"

"எந்தச் செடிக்கு?"

"இருபத்தேழு சார். பட்டினி வயல்ல. மூணு வரிசைக்கும் யாரோ யூரியா வெச்சிருக்காங்க. வேர் சொல்லுது."

கோட்டு கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகத்தில் நான் தேடிய திருட்டு முழி இல்லை.

"இங்க பாரும்மா, எனக்கு அந்த இருபத்தேழு எந்த வரிசைன்னே தெரியாது. போட்டோ எடுக்கறப்போ நீதானே கூட்டிட்டுப் போய்க் காட்டின? மேஜைல தண்ணி சொட்டுது, அத அந்தப் பக்கம் புடி."

அவரைத் தெரியாதா எனக்கு. அது உண்மைதான். சதி செய்வதற்குக்கூட வயலுக்குள் இறங்கவேண்டுமே. அந்த மனுஷனுக்கு அவ்வளவு மூளையும் அவ்வளவு உழைப்பும் இருப்பதாக நினைத்தது என் தப்பு.

மதியம் கேட்டுக்குப் போய்க் காவல்காரரிடம் கேட்டேன், இந்த ஒரு மாதத்தில் பட்டினி வயல் பக்கம் வெளியாள் யாராவது போனார்களா என்று. அவர் பதறிவிட்டார்.

"வெளியாளா? ஒருத்தரும் வரல மேடம். வெளியாள நான் விடுவேனா?" பிறகு யோசித்து, "உங்க வீட்டுக்காரர்தான் ஒரு நாள் போனாரு. மழை விட்ட வாரம். நீங்க வேர் அறைக்குள்ள இருந்தீங்க. மேடம் சொன்ன வேலைன்னாரு. கையில ஒரு டப்பாவும் ஸ்பூனும் வெச்சிருந்தாரு."

"எவ்ளோ நேரம்?"

"நல்ல வெயில்ல ஒரு மணி நேரம் குனிஞ்சு குனிஞ்சு ஏதோ பண்ணாரு மேடம். குச்சில இருக்கற நம்பர ஒவ்வொண்ணாப் படிச்சுக்கிட்டே போனாரு. முடிச்சிட்டு வந்து இடுப்பப் புடிச்சுக்கிட்டு உக்காந்தாரு. ஏன் மேடம், தப்பா?"

நான் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். வேர் அறையில் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தேன். மணி இரண்டு. போனை எடுத்து அவரைக் கூப்பிட்டுக் கத்தலாம் என்று நினைத்தேன். கத்தி என்ன பண்ண? "ஏன் போட்டீங்க" என்றால், "நீதானே மஞ்சளா நிக்குதுன்னு அழுத" என்பார். மஞ்சளாக இருந்தால் யூரியா. அவருக்குத் தெரிந்த ஒரே மருந்து. அதை எனக்காக அறுபது செடிக்கு வைத்துவிட்டு வந்து, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறார். நான் குதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, "பச்சையாயிருச்சுங்க" என்று சொன்ன அன்று அவர் சிரித்த சிரிப்பு இப்போதுதான் எனக்கு விளங்கியது. அதை நான் அசட்டுச் சிரிப்பு என்று நினைத்திருந்தேன்.

மூன்று மணிக் கூட்டத்தில் ஆறு பேர். கோட்டு நேராக விஷயத்துக்கு வந்தார். "நம்ம இருபத்தேழுதான். மூணு வருஷமும் தேறிருச்சு. விருந்தாளிங்களுக்கும் ரொம்பப் புடிச்சுப்போச்சு. நாளைலேருந்து மகரந்தம் போட ஆரம்பிச்சிரலாம்." சராசரி தலையாட்டினார். காலையில் நான் போட்ட கூச்சலை இரண்டு பேருமே வசதியாக மறந்துவிட்டிருந்தார்கள்.

ஆறு வருஷமாக இந்த வாக்கியத்துக்காகத்தான் காத்திருந்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். வேரை அலசியவர்கள் நானும் அக்காவும் மட்டும். காவல்காரருக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. இரண்டு வருஷம் நிஜமாகவே தேறியதுதானே, மூன்றாம் வருஷமும் தானாகவே தேறியிருக்கும், இன்னும் ஐந்து நாள் பொறுத்திருந்தால் தானே பச்சை கட்டியிருக்கும் என்று என் மனசு வக்கீல் மாதிரி வாதாடியது. இருக்கலாம். ஆனால் நான் அதைப் பார்க்கவில்லை. பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்கிறவர்களைத்தானே இத்தனை வருஷம் வாய்க்கு வந்தபடி பேசினேன்.

எழுந்து நின்று சொன்னேன். "இந்த வருஷம் இருபத்தேழு கணக்குல வராது சார். அதுக்கு யூரியா போட்டிருக்கு."

"காலைலேயும் இதத்தான் சொன்ன. யாரு போட்டது?"

"என் வீட்டுக்காரர்."

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் சிரிப்பு. சராசரிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. உரக்கடைக்காரர் பெண்டாட்டியின் பட்டினி வயலில் உரம். எனக்குச் சம்பந்தமில்லாத கதையாக இருந்தால் நானே ஒரு மாதம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பேன்.

சிரித்து முடித்த கோட்டு குரலைத் தாழ்த்தினார். "சரி, விடு. இது இந்த ரூமோட இருக்கட்டும். பச்சையா இருக்கில்ல? அது போதும். யாருக்குத் தெரியப்போகுது?"

"வெதைக்கறவனுக்குத் தெரியும் சார். பாதி உரம் போதும்னு நம்ம பேச்சக் கேட்டு வெதைப்பான். மஞ்சளா நின்னா யாரக் கூப்பிடுவான்? எங்க வீட்டுக்காரரையா அனுப்பறது, ஸ்பூனோட?"

யாரும் சிரிக்கவில்லை. கோட்டு பேனாவை எடுத்து இருபத்தேழை அடித்தார். நாற்பத்தொன்றுக்கு வட்டம் போட்டார். ஆறு வருஷத்துக்கு அந்த ஒரு கோடு போதுமாயிருந்தது. பேனாவை மூடிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிற மாதிரிக் கேட்டார்:

"ஏம்மா, அந்த வயல் எதுக்குன்னு உங்க வீட்டுக்காரருக்குத் தெரியாதா?"

அவர் வாயிலிருந்து பதினோரு வருஷத்தில் வந்த ஒரே உருப்படியான கேள்வி. நான் என் நோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

ஐந்து மணிக்கு வீட்டுக்காரர் ஸ்கூட்டரோடு கேட்டில் நின்றார். வெள்ளிக்கிழமை கூட்டம் என்று சொல்லியிருந்தேன், அதனால் கடையை முன்னதாக மூடிவிட்டு வந்திருக்கிறார். சட்டை மாற்றி, தலை வாரி.

"ஜெயிச்சுதா?"

"போலாம் வாங்க."

ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தார். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, அதற்குமேல் பொறுக்கமுடியாமல், முதுகைக் காட்டியபடியே சொன்னார்:

"உனக்கு ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது. உன் இருபத்தேழுக்கு நான்தான் யூரியா வெச்சேன். செடிக்கு ஒரு ஸ்பூன், ஒரு சாண் தள்ளி, மண்ண மூடி, பக்குவமா. அறுபது ஸ்பூன். ஒரு செடி விடல. ஜெயிச்சப்பறம் சொல்லலாம்னு இருந்தேன்."

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். பதினோரு வருஷப் பழக்கம், வார்த்தைகள் நாக்கு நுனியில் தயாராக இருந்தன. ஆனால் அவர் பிடரியில் வெயில் பட்டுத் தோல் உரிந்திருந்தது. மூன்று வாரமாக உரிந்திருக்கும். நான் கவனிக்கவில்லை.

சொன்னேன். முதலிலிருந்து சொன்னேன். சத்து தண்ணீரோடு கீழே போவதை, மேலே பரவுகிற வேருக்கு அது எட்டாததை, கீழே துரத்திப் போகிற வேரை. பட்டினி போட்டால்தான் எது துரத்துகிறது என்று தெரியும் என்பதை. அதற்காகவே அந்த வயலில் ஒரு பிடி சாம்பல்கூடப் போடுவதில்லை என்பதை. இடையில் ரயில் போயிற்று. சத்தத்தில் நிறுத்தி, போனபிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். அவர் பாதியிலேயே திரும்பி உட்கார்ந்துவிட்டார். நான் முடிக்குமுன்பே அவர் முகம் மாறியது.

"அப்போ பரீட்சை எழுதற புள்ளைக்கு நான் விடைய எழுதிக் குடுத்திருக்கேன்."

"ஆமாங்க."

"அது தானாவே எழுதியிருக்குமா?"

"தெரியாதுங்க. இனிமே தெரியாது."

"அடுத்த வருஷம் திரும்ப வெச்சுப் பாக்கலாம்ல? நானே வந்து காவல் இருக்கேன். ஒரு ஈ உள்ள வராது."

"அடுத்த வருஷம் அந்த வயலே இல்ல."

கேட் திறந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவர் வண்டியைக் கிளப்பவில்லை. உள்ளங்கையால் முகத்தை ஒரு தரம் அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"இவ்வளவுதானா?" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "இதத்தான் எனக்குச் சொன்னாப் புரியாதுன்னியா?"